படத்தில் இருக்கும் பெண் குற்றவாளி அல்ல

2022 ஜனவரி முதல் தேதி, நாட்டின் பல ஊர்களில் முஸ்லிம் பெண்கள் தங்கள் படம் 'ஏலத்துக்கு' வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள். 'புல்லி பாய்' என்ற பெயரில் ஒரு செயலியை யாரோ கிட்ஹப் தளத்தில் ஏற்றியிருந்தார்கள். அதில் பத்திரிகையாளர்கள், சமூகப் பணியாளர்கள் என நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் சமூக ஊடகங்களில் போட்டிருந்த சாதாரணப் படங்களே எடுத்தாளப்பட்டிருந்தன. உண்மையில் யாரும் யாரையும் விற்கவில்லை. பொதுவெளியில் எழுதுகிற, பேசுகிற பெண்ணைக் கூனிக் குறுக வைத்து வாயடைக்கச் செய்வதுதான் நோக்கம்.

இதற்கு முன் 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரில் இதே வேலை நடந்திருந்தது. அப்போதும் புகார் கொடுத்தார்கள், வழக்கும் பதிவானது. ஆனால் ஆறு மாதம் ஆகியும் ஒருவர்கூடக் கைதாகவில்லை. அந்தப் பெண்கள் சோர்ந்துவிடவில்லை. இரண்டாம் முறையும், தங்கள் சொந்தப் பெயரிலேயே புகார் கொடுத்தார்கள். மும்பை, டெல்லி காவல்துறையினர் ஒரு வாரத்துக்குள் பெங்களூரு, உத்தராகண்ட், அசாம் என்று தேடிப்போய்ப் பிடித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பலர் இருபது வயதை ஒட்டிய மாணவர்கள். ஒருவர் பதினெட்டு வயதுப் பெண்! பழைய வழக்கிலும் அதன் பிறகுதான் இந்தூரில் கைது நடந்தது.

நம் மஹல்லாக்களில் நடப்பது இவ்வளவு பெரிதாக இருக்காது. ஒரு பெண்ணின் வாட்ஸ்அப் முகப்புப் படத்தை எடுத்து வேறொரு உடலோடு ஒட்டுவார்கள். அல்லது பேருந்து நிறுத்தத்தில் உடன் படிக்கும் பையனோடு அவள் பேசிக்கொண்டிருந்ததைப் படமெடுத்து, 'இது யார் வீட்டுப் பிள்ளை?' என்று ஒரு வரி சேர்த்து குரூப்பில் போடுவார்கள். மாலைக்குள் அது மாமா வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் போய்விடும். அதன் பிறகு வீட்டில் நடப்பது நாம் அறிந்ததுதான். முதலில் பிள்ளையின் போனைப் பிடுங்குகிறார்கள், பிறகு கல்லூரியை நிறுத்துகிறார்கள், அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிறார்கள். படத்தைப் பரப்பியவன் மறுநாளும் டீக்கடையில் நிற்கிறான். அவன் என்ன நினைத்துச் செய்தானோ, அதை அவனுக்காக நாமே முடித்துக் கொடுக்கிறோம்.

'நான் போடவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பது எல்லோரும் சொல்லும் சமாதானம். மார்க்கத்தில் இதற்கு இடமில்லை என்பதை நம்மவர்கள் அறிவார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பியபோது இறங்கிய அந்நூர் அத்தியாய வசனங்கள், புனைந்தவனோடு நிற்காமல் கேட்டதை வாய்க்கு வாய் கடத்தியவர்களையும் கண்டிக்கின்றன. நாட்டின் சட்டத்திலும் இடமில்லை. நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர், 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமலே பகிர்ந்துவிட்டேன் என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். சென்னை உயர்நீதிமன்றம் 2023-ல் வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. ஒன்றை ஃபார்வர்ட் செய்வது அதை ஏற்றுக்கொள்வதாகவே ஆகும் என்பது நீதிமன்றத்தின் பார்வை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. குரூப் அட்மின்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும்.

2015-ல் உச்ச நீதிமன்றம் 66-ஏ பிரிவை நீக்கிவிட்டதால் இணையத்தில் என்ன செய்தாலும் கேள்வியில்லை என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணை இணையத்தில் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவில் குற்றம்.

இப்படி ஒன்று நேர்ந்தால் பெற்றோர் பதற்றத்தில் செய்யும் முதல் காரியம் எல்லாவற்றையும் அழிப்பது. தயவுசெய்து அழிக்காதீர்கள். அதுதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும், அனுப்பிய எண்ணும், கணக்கின் முழு முகவரியும் தெரிய வேண்டும். கணக்கின் பெயரை அவன் நொடியில் மாற்றிவிடுவான். பிளாக் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. பணம் கேட்டு மிரட்டினால் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த வாரம் இன்னும் அதிகம் கேட்பான்.

புகாரை 'சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்' என்ற மத்திய அரசின் தளத்தில் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கு அங்கே தனிப் பகுதி உண்டு. பணமும் பறிபோயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். 'இது எங்கள் எல்லை அல்ல' என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பெற்று ஜீரோ எஃப்ஐஆர் பதிய வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் சட்டத்திலேயே இருக்கிறது.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டப்படும் பெரியவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசச் சேவை இருக்கிறது, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு 'டேக் இட் டவுன்'. இவற்றில் படம் நம் போனை விட்டு வெளியே போவதில்லை. கைரேகை போல, படத்துக்கான ஓர் அடையாளக் குறி மட்டும் போகிறது. அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தப் படம் ஏறாமல் தடுக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதை இதனால் தடுக்க முடியாது. ஆகவே காவல்துறைப் புகாரும் அவசியம்.

காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயங்கும் குடும்பங்களுடன் நம் அறக்கட்டளையின் மகளிர் பிரிவுச் சகோதரிகள் இருவர் வருவார்கள். ஞாயிறு தவிர எல்லா நாட்களிலும் அஸருக்குப் பின் அலுவலகத்தில் சந்திக்கலாம். பெயர் பதிவேட்டில் எழுதப்படாது, ஜமாஅத் கூட்டத்தில் பேசப்படாது. வரும்போது போனை உள்ளது உள்ளபடியே கொண்டு வாருங்கள், பிள்ளையையும் அழைத்து வாருங்கள். நடந்ததை அவள் வாயால் கேட்க வேண்டும்.