ஓசையைக் குறைத்தால் வேகம் குறையுமா?

இரண்டாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

மோட்டார் பந்தயம் என்றவுடன் உலகப் புகழ் பெற்ற வீரர்களும், கோடிக் கணக்கில் செலவு செய்யும் நிறுவனங்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் வார நாள்களில் வேலைக்குச் சென்று, விடுமுறை நாளில் தம் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டி மகிழும் எளிய ஓட்டுநர்களும் இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் மிகப் பலர். காரில் ஒரு கோளாறும் இல்லாதபோதே இவர்களைத் தடத்திலிருந்து திருப்பி அனுப்பக்கூடிய ஒன்று உண்டு. அதுதான் புகைக்குழாயின் ஓசை. அந்த ஓசைக்கு வரம்பு ஏன் வந்தது, அதற்குள் அடங்குவது எப்படி, அடங்கினால் வேகம் போய்விடுமா என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பழைய வழக்கு

இவ்வழக்கு இன்று நேற்று தோன்றியதன்று. கார்ப் பந்தயத்திற்கென்றே இங்கிலாந்தில் கட்டப்பட்ட புரூக்லண்ட்ஸ் தடம் 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் அங்கு 24 மணி நேரம் இடைவிடாது கார் ஓட்டிச் சாதனை படைத்தார் எஸ். எப். எட்ஜ். அக்கம்பக்கத்தார் உறக்கம் கெட்டது. இரவில் கார் ஓட்டத் தடை வந்தது. ஆகவே 1929இல் அங்கு 24 மணி நேரப் பந்தயம் நடத்த விரும்பியவர்கள், அதைப் பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு நாள்களுக்குப் பிரித்துக்கொண்டனர். இரவு முழுவதும் கார்கள் பூட்டி வைக்கப்பட்டன! 1920களில் அங்கு ஓடும் கார்களுக்குப் பெரிய சைலன்சர் கட்டாயமாயிற்று. மீன்வால் போல அகன்ற முனையுடைய அதனை ‘புரூக்லண்ட்ஸ் டப்பா’ என்றே அழைத்தனர்.

அண்மைக் காலத்திலும் இவ்வழக்கு ஓயவில்லை. இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில் உள்ள கிராப்ட் தடத்தின் ஓசையைப் பொறுக்க மாட்டாமல் அருகில் குடியிருந்தோர் நீதிமன்றம் சென்றனர். மிகுந்த ஓசை எழுப்பும் ஓட்டங்களை ஆண்டுக்கு 40 நாள்களுக்கு மேல் நடத்தக் கூடாது என்று 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம் என்பார்கள். இங்கே எலி வழக்குத் தொடுத்தது. பூனையின் ஆட்டம் 40 நாளாகச் சுருங்கியது.

எண்ணின் பொருள் என்ன?

ஓசையை டெசிபெல் என்னும் அலகால் அளக்கிறோம். இது மடக்கை அளவு என்பதை மறந்தால் எல்லாம் குழப்பமே. 3 டெசிபெல் கூடினால் ஒலிச் செறிவு இரு மடங்காகும். 10 டெசிபெல் கூடினால் பத்து மடங்காகும். ஆயினும் செறிவு பத்து மடங்கானால்தான் ஓசை ஏறக்குறைய இரு மடங்கானதாக நம் செவி உணர்கிறது.

அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் நடத்தும் பந்தயங்களில் பொதுவான வரம்பு, 50 அடி தூரத்தில் 103 டெசிபெல். ஆனால் கலிஃபோர்னியாவில் உள்ள லகுனா செகா தடத்தில் 90 அல்லது 92 டெசிபெலே வரம்பாக உள்ள நாள்கள் பல. 103க்கும் 90க்கும் உள்ள வேறுபாடு 13 டெசிபெல்; அதாவது ஒலிச் செறிவில் இருபது மடங்கு! 103 டெசிபெல் எழுப்பும் ஒரு கார், 90 டெசிபெல் எழுப்பும் இருபது கார்களுக்குச் சமம்.

இங்கிலாந்தின் தடங்கள் பலவற்றில் 105 டெசிபெல் வரை அனுமதிக்கிறார்கள் என்று கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். அங்கு காரை நிறுத்தி, எஞ்சினை உச்சச் சுழற்சியின் முக்கால் பங்கில் ஓடவிட்டு, குழாய் முனையிலிருந்து வெறும் அரை மீட்டர் தூரத்தில் அளக்கிறார்கள். தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் ஓசை 6 டெசிபெல் குறையும் என்னும் தலைகீழ் இருமடி விதிப்படி, அரை மீட்டரில் 105 ஆக இருப்பது 50 அடி தூரத்தில் ஏறக்குறைய 75 ஆகிவிடும். ஆனால் நிற்கும் காரின் எஞ்சின் பாரம் இழுப்பதில்லை. தடத்தில் முழு விசையில் ஓடும்போது ஓசை மிகும். அதனால்தான் பல தடங்களில் ஓடும்போதும் தனியே அளக்கிறார்கள். எனவே டெசிபெல் எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது; எவ்வளவு தூரத்தில், எந்த நிலையில் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓசைதான் ஆற்றலா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் ஊரில் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்யும் என் அண்ணன் ஒரு நாள், “சைலன்சரைக் கழற்றினால் இழுவை கூடும் என்கிறார்களே, நீ படிக்கிற இயற்பியல் அதற்கு என்னடா சொல்லுது?” என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

50 அடியில் 103 டெசிபெல் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 0.02 வாட். காரைச் சுற்றி அதே ஆரமுள்ள அரைக்கோளத்தின் பரப்பு ஏறத்தாழ 1,460 சதுர மீட்டர். ஓசை எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதாகக் கொண்டு இரண்டையும் பெருக்கினால் வருவது சுமார் 29 வாட். ஊரையே எழுப்பும் அந்த முழக்கம் ஒரு சிறு மின்விளக்கின் திறனே! 100 குதிரைத் திறன் கொண்ட எஞ்சின் தருவதோ ஏறக்குறைய 74,600 வாட். ஆகவே ஓசையை அடக்குவதால் எஞ்சின் ஆற்றலை இழப்பதில்லை. புகை வெளியேறும் வழியை நெருக்கினால்தான் இழக்கிறது. ஓசையைத் தடுத்து, புகையைத் தடுக்காத சைலன்சரே நமக்கு வேண்டுவது.

அடக்கும் வழிகள்

முதல் வழி, ஓசையை உறிஞ்சுவது. துளைகள் நிறைந்த நேர்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சையோ எஃகுப் பஞ்சையோ அடைத்து மேலே உறை போடுவார்கள். புகை நேரே செல்லும். ஒலி துளை வழியே பஞ்சினுள் புகுந்து வெப்பமாக மாறும். இது உயர்ந்த அதிர்வெண்களை நன்கு அடக்கும். நாளடைவில் பஞ்சு கருகிப் பறந்துவிடுமாதலால் மீண்டும் அடைக்க வேண்டும். சென்ற ஆண்டு தேறிய கார் இவ்வாண்டு தேறாமற் போவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாம் வழி, ஒலியைக் கொண்டே ஒலியைக் கொல்வது. நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழலும்போது, நொடிக்கு 200 முறை வெடிப்பு நிகழ்கிறது. அதுவே அதன் அடிப்படை அதிர்வெண். புகைக்குழாயின் பக்கவாட்டில் கால் அலைநீளமுள்ள, முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றை இணைத்தால், அதனுள் சென்று மீளும் அலை அரை அலைநீளம் பின்தங்கி, எதிர்க்கட்டத்தில் வந்து மூல அலையை அழிக்கும். நம் ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையைக் கொண்டு செய்யும் காற்றுத் தம்பச் சோதனையின் தத்துவமே இது.

ஆனால் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் வகுப்பில் பயன்படுத்தும் ஒலியின் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். அதன்படி கிளைக்குழாயின் நீளம் 43 செ.மீ. புகையின் வெப்பநிலை 500 பாகை செல்சியஸ் என்று கொண்டால், அதில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 557 மீட்டர் செல்கிறது. அப்போது வேண்டிய நீளம் சுமார் 70 செ.மீ.! வெப்பத்தை மறந்தவனின் குழாய் வேலை செய்யாது. மேலும் இது குறிப்பிட்ட சுழற்சியில் மட்டுமே சிறப்பாகப் பயன்படும். ஆகவே உறிஞ்சும் சைலன்சர்கள் இரண்டை வரிசையாக வைத்து, தேவையானால் இக்கிளையையும் சேர்ப்பது நல்ல வழி.

மூன்றாவது, குழாயின் வாயைத் திருப்புவது. உயர்ந்த அதிர்வெண் ஒலி குழாய் நோக்கும் திசையில் மிகுதியாகச் செல்லும். லகுனா செகாவில் ஒலிமானி இருக்கும் பக்கத்திற்கு எதிராகக் குழாயை வளைத்து ஓட்டுவது ஓட்டுநர்கள் பலர் அறிந்த உபாயம். ஒலிமானியைக் கடக்கும்போது மட்டும் விசையைக் குறைப்பவர்களும் உண்டு. அவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் நேரத்தை இழக்கிறார்கள்.

கருவியும் காதும்

இத்தகைய உபாயங்களால் கருவியை ஏமாற்றலாம். பக்கத்து வீட்டாரை ஏமாற்ற முடியாது. ஒலிமானியில் பயன்படும் ‘ஏ’ வகை அளவீடு, மனிதச் செவியைப் பின்பற்றித் தாழ்ந்த அதிர்வெண்களைத் தள்ளுபடி செய்கிறது. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெலைக் கழித்துவிடுகிறது. ஆனால் தாழ்ந்த ஓசைதான் சுவரை எளிதில் ஊடுருவி வீட்டினுள் முரலுவது. கருவி மன்னித்ததைக் கைக்குழந்தையைத் தூங்க வைக்கும் தாய் மன்னிக்க மாட்டாள்.

நண்பர்களே! செல்வர்களின் அணிகளுக்கு ஒரு தடம் மூடினால் மற்றொரு தடம் உண்டு. வார இறுதியில் ஒரு நாள் ஓட்ட வரும் எளியவருக்கோ அருகிலுள்ள தடமே கதி. அதைக் காப்பது அவர் காரில் பூட்டும் சைலன்சர். அதற்காக அவர் தம் வேகத்தைப் பலியிட வேண்டியதில்லை என்பதை அந்த 29 வாட் கணக்கு காட்டுகிறது. பாதையில் முழங்கிச் செல்லும் வண்டியைக் கண்டு, ‘என்ன வேகம்!’ என்று வியக்கும் நாமும் இக்கணக்கை நினைவில் கொள்வோமாக.