மருது நின்ற கரை

திருவானைக்காவில் வெண்ணாவல், குளித்தலைக் கடம்பந்துறையில் கடம்பு, திருவிடைமருதூரில் மருது. காவிரிக் கரைக் கோயில்களின் தலமரங்களை இப்படி வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், ஒரு காலத்து ஆற்றங்கரைக் காடே கண்முன் எழும். இவற்றோடு புங்கன், அத்தி, இலுப்பை, மூங்கில் எல்லாம் கலந்து நின்ற கரை அது. கோயிலுக்குள் இருந்தவை வழிபாட்டால் பிழைத்தன. வெளியே நின்றவற்றுக்கு அந்தக் காவல் இல்லை.

அன்று மரம் வளர்த்தது ஆறுதான். புதுவெள்ளம் படுகையில் ஏறி, வண்டலை விரித்துவிட்டு இறங்கும். புங்கங்காய் மிதந்து வந்து ஒதுங்கும். அத்தியையும் நாவலையும் பறவைகளும் வௌவால்களும் கொண்டுவந்து போடும். ஒரே கரையில் இத்தனை வகை சேர்ந்தது அப்படித்தான்.

அந்த வெள்ளமே 1924இல் ஊர்களைச் சூறையாடியது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அச்சம் பெருமளவு தணிந்தது. பாசனத்துக்கு ஒரு நிச்சயம் வந்தது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வெள்ளத்தோடு வண்டலும் குறைந்தது. படுகையில் வாழை நெருங்க, பெருமரங்கள் விலகின. பிறகு மணல் அள்ளினார்கள். அள்ளிய இடங்களில் ஆறு பள்ளமாகி, கரையோர நிலத்தடி நீரும் கீழே இறங்கியது. முதிர்ந்த மருதின் வேர்கள் வெளியே தெரிகின்றன. கன்றின் வேருக்கு ஈரம் எட்டுவதில்லை.

இன்று பல இடங்களில் விதைப்பது மாடு. சீமைக்கருவேலின் இனிப்பு நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையைப் போட்டுவிட்டுப் போகிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரம் ஏழை வீட்டு அடுப்புக்கு விறகானது. கரிமூட்டம் போட்டவர்களுக்குக் கூலி தந்தது. அந்த நன்றியை மறக்கலாகாது. இருந்தாலும், துறைக்கு வந்தவர்கள் மருதடியில் துணி காயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். முள்ளடியில் யாரும் உட்காருவதில்லை.

சீமைக்கருவேலை வெறுமனே வெட்டினால் அடிமரம் மறுபடி துளிர்க்கும். தூரோடு எடுத்த இடத்தில் உடனே கன்று வைக்க வேண்டும். ஒரே மரமாக அல்ல, மருதும் புங்கனும் நாவலும் கலந்து. கோடையில் மருதங்காய் உதிர்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்பே அதைப் பொறுக்கி நாற்றுப் போட்டுவிடுங்கள்.