வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பவர்கள்

மேடைக்குக் கீழே – 9

போன வாரம் ஸ்டேடியங்களை நிரப்பும் நட்சத்திரங்களின் ரசிகர்களைப் பார்த்தோம். அங்கே ஐம்பதாயிரம் பேரில் ஒருவர் வராமல் போனால் யாருக்கும் தெரியாது. பாடுபவரின் முகத்தையே பெரிய திரையில்தான் பார்த்தாக வேண்டும். இந்த வாரம் போகப்போவது வேறு மாதிரி இடம். முந்நூறு பேர் நின்றால் மூச்சு முட்டும் கூடம். முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. அடுத்துப் பாட வேண்டியவர்கள் நம் பக்கத்தில் நின்றுதான் முதல் குழுவின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கச்சேரி முடிந்ததும் பாடகியே வியர்வையைத் துடைத்தபடி வாசலோர மேஜைக்கு வந்து, இசைத்தட்டையும் டி-ஷர்ட்டையும் விற்று, மீதிச் சில்லறையையும் எண்ணிக் கொடுப்பார்.

இந்த இசைக்கு இண்டி பாப் என்று பெயர். பளிச்சென்ற கிடார், துள்ளல் தாளம், பக்கத்து வீட்டுப் பெண் துணி மடித்துக்கொண்டே பாடுவது போன்ற அலட்டல் இல்லாத குரல். மெட்டைக் கேட்டால் ஆடத் தோன்றும். வரிகளைக் கவனித்தால் பாதிப் பாட்டு காதல் தோற்ற கதையாக இருக்கும். எனக்கு இதன் மேல் பித்து. ஆகவே இந்த அத்தியாயத்தில் நடுநிலைமையை எதிர்பார்க்க வேண்டாம்.

பித்து ஒருபக்கம் இருக்கட்டும். இந்த இசையின் 45 வருடக் கதையைப் புரட்டினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. மற்ற இடங்களில் இசை தயாரான பிறகு ரசிகரைத் தேடுவார்கள். இங்கே முதலில் ரசிகர் வருகிறார். அவர் வந்து நின்ற பிறகுதான் பாட்டு வெளியே வர வழி பிறக்கிறது.

நூறோடு நிறுத்தியவர்கள்

பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமலும் இசைத்தட்டு போடலாம் என்பதை 1970களின் இறுதியில் பிரிட்டனில் சிலர் செய்து காட்டினார்கள். லண்டனில் 1976ல் கடையாகத் திறந்த ரஃப் டிரேட், 1978ல் தட்டு வெளியிடும் லேபிளாகவும் ஆனது. கிளாஸ்கோவில் போஸ்ட்கார்ட் ரெக்கார்ட்ஸ் வந்தது. ஆரஞ்ச் ஜூஸ் குழுவின் முதல் தட்டுகள் அதில்தான் வெளியாயின. 1986ல் என்.எம்.ஈ. என்ற இசை வார இதழ் 22 குழுக்களின் பாடல்களைத் தொகுத்து, சி86 என்ற கேசட்டை வாசகர்களுக்குத் தபாலில் அனுப்பியது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த குழுக்கள் ஒரே கூட்டமாகத் தெரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்த ஆண்டு, பிரிஸ்டல் நகரில் கிளேர் வாட், மேட் ஹேய்ன்ஸ் என்ற இருவர் சாரா ரெக்கார்ட்ஸைத் தொடங்கினார்கள். இருவரும் அதற்கு முன் சொந்தமாக ரசிகர் சிற்றிதழ் நடத்தியவர்கள். ரசிகர்களாக இருந்து முதலாளிகளானவர்கள் என்பதால் ரசிகரின் சட்டைப்பை எவ்வளவு ஆழம் என்று அவர்களுக்குத் தெரியும். முன்பே ஏழு அங்குலத் தட்டில் விற்ற பாட்டைப் புது ஆல்பத்தில் திரும்பச் சேர்த்து, ஒரே பாட்டுக்கு இரண்டு முறை காசு வாங்குவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். உறைக்குள் போஸ்டரும் அச்சிட்ட கடுதாசியும் இருக்கும். சில வெளியீட்டு எண்கள் தட்டுக்கே கிடையாது. சிற்றிதழுக்கும் ஒரு எண் தருவார்கள்.

இசைப் பத்திரிகைகள் பல இதைப் பிள்ளைத்தனம் என்று கேலி செய்தன. இவர்கள் கண்டுகொள்ளவில்லை. 1995 ஆகஸ்டில் நூறாவது வெளியீடு வந்தது. அதோடு கடையை மூடிவிட்டார்கள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, பிரிஸ்டல் துறைமுகத்தில் நிற்கும் தெக்லா என்ற கப்பலில் விருந்தும் வைத்து மூடினார்கள்! நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே நிறுத்தியதால் அந்தப் பெயர் இன்றுவரை கெடவில்லை. ஹெவன்லி, ஃபீல்ட் மைஸ் போன்ற சாரா குழுக்களைத் தேடிக் கேட்கிறவர்களில் பலர் 1995க்குப் பிறகு பிறந்தவர்கள்.

ஆயிரம் பிரதிகள்

சாரா மூடிய அடுத்த வருடம், கிளாஸ்கோவின் ஸ்டோ கல்லூரியில் ஒரு விஷயம் நடந்தது. அங்கே இசை வணிகம் படிக்கும் மாணவர்கள் எலெக்ட்ரிக் ஹனி என்ற பெயரில் லேபிள் ஒன்று நடத்தி, யாராவது ஒரு குழுவுக்குத் தட்டு போட்டுத் தருவார்கள். பாடத்திட்டத்தின் ஒரு பகுதி அது. 1996ல் அவர்கள் கையில் சிக்கியது பெல் அண்ட் செபாஸ்டியன். அதன் பாடகர் ஸ்டூவர்ட் மர்டாக், நாள்பட்ட சோர்வு நோயால் பல ஆண்டுகள் வீட்டோடு முடங்கிக் கிடந்தவர். படுத்துக் கிடந்த காலத்தில் எழுதிச் சேர்த்த பாடல்கள் ஏராளம். ஒற்றைப் பாட்டுத் தட்டு போதும் என்றிருந்த இடத்தில் முழு ஆல்பமே வந்துவிட்டது. டைகர்மில்க் என்று பெயர். அச்சிட்டது 1,000 பிரதிகள் மட்டும்.

ஆயிரமும் தீர்ந்தன. கேட்டவர்கள் கேசட்டில் பதிந்து நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். தட்டு கையில் இருந்தவர்களிடம் நூற்றுக்கணக்கான பவுண்டுகள் கொடுத்து வாங்க ஆள் இருந்தது. குழுவோ பேட்டி கொடுப்பதில்லை, தங்கள் படத்தை விளம்பரத்துக்குத் தருவதில்லை. ஆளைப் பார்க்க வேண்டுமானால் கச்சேரிக்குத்தான் போக வேண்டும். 1999ல் பிரிட் விருதுகளில் சிறந்த புதுமுகம் யார் என்று தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில், வெற்றி நிச்சயம் என்று பேசப்பட்ட ஸ்டெப்ஸ் குழுவைத் தோற்கடித்து விருதைத் தட்டிக்கொண்டு போனது இந்தக் குழு. மாணவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வாக்குகளைக் குவித்துவிட்டார்கள் என்று புகார் எழுந்தது. விருது கைமாறவில்லை. டைகர்மில்க்கைக் கடைகளில் எல்லோரும் வாங்கும்படி மறுபடி அச்சிட்டதும் அதே 1999ல்தான்.

அந்த ஏப்ரலில் இங்கிலாந்தின் தென்கரையில், கேம்பர் சாண்ட்ஸ் என்ற கடற்கரை ஊரின் விடுமுறை முகாமில், பௌலி வீக்கெண்டர் என்று ஒரு விழா நடந்தது. யார் யார் பாட வேண்டும் என்று முடிவு செய்தது பெல் அண்ட் செபாஸ்டியன். ஃப்ளேமிங் லிப்ஸ், மெர்குரி ரெவ், டீனேஜ் ஃபேன்கிளப், மோக்வாய் எல்லாம் வந்தார்கள். சேற்றில் கூடாரம் போட வேண்டியதில்லை. பாடுபவர்களும் கேட்பவர்களும் ஒரே மாதிரி விடுதி அறைகளில் தங்கினார்கள். ஒரு குழுவே விழாவைத் தொகுத்து வழங்கும் இந்த யோசனைதான் அடுத்த வருடம் ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ் என்ற புகழ்பெற்ற விழாவாக வளர்ந்தது. இருபது வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில், அதே பெல் அண்ட் செபாஸ்டியன் பார்சிலோனாவிலிருந்து புறப்பட்ட சொகுசுக் கப்பலில் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடலில் கச்சேரி நடத்தியது. தலை நரைத்தவர்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறும் வயது அவர்களுக்கு வந்திருந்தது.

கப்பலுக்குக் காசில்லாதவர்களுக்கு ரயில் இருந்தது. டெர்பிஷயரில் நீராவி ரயில்களைப் பாதுகாக்கும் மிட்லண்ட் ரயில்வே என்ற இடம் உண்டு. 2007 முதல் 2019 வரை அங்கே ஆண்டுதோறும் இண்டிட்ராக்ஸ் விழா நடந்தது. எஞ்சின் ஷெட்டில் ஒரு மேடை, தகரத்தால் ஆன குட்டித் தேவாலயத்தில் ஒரு மேடை. ஓடும் ரயில் பெட்டியிலும் பாடுவார்கள். விழா நடத்தியவர்கள் தன்னார்வலர்களான ரசிகர்கள். வரும்படியில் பழைய எஞ்சின்களின் பராமரிப்புக்கும் பங்கு போனது. கொரோனாவோடு நின்ற விழா திரும்பி வரவில்லை.

பதினொரு வருடம்

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகின்றன. ரசிகரின் காத்திருப்போ மாதக் கணக்கில் முன்பே தொடங்கிவிடும். முதலில் ஒரு பாட்டு வரும். பிறகு அட்டைப்படம், பாடல் பட்டியல், கச்சேரித் தேதிகள். சில சமயம் ஆல்பத்துக்கு முன்பே மேடையில் கேட்டுவிடலாம். “இது புதுப் பாட்டு” என்று பெரிய கச்சேரியில் பாடகர் சொன்னால் பாதிப் பேர் கழிப்பறைக்குக் கிளம்புவார்கள். சின்னக் கூடத்தில் அதே வார்த்தையைக் கேட்டதும் பேச்சு அடங்கிவிடும். முதலில் கேட்டவர் நான் என்ற பெருமை ஒன்று இருக்கிறதே, அதற்கு ஈடில்லை.

சில காத்திருப்புகள் இன்னும் நீளம். கிளாஸ்கோவின் கேமரா அப்ஸ்க்யூரா குழு 2013ல் டிசையர் லைன்ஸ் ஆல்பத்தை வெளியிட்டது. 2015 அக்டோபரில் அதன் கீபோர்டு கலைஞர் கேரி லேண்டர் எலும்புப் புற்றுநோயால் இறந்தார். வயது 33. நோயோடு இருந்தபோதே, அந்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ரசிகர்களிடம் நிதி திரட்டியவர். குழு மௌனமாகிவிட்டது. இனி அவ்வளவுதான் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். நான் மேலே சொன்ன கப்பல் பயணத்தில் பாடச் சொல்லி அழைப்பு வந்ததுதான் அவர்களை மறுபடி ஒன்றுசேர்த்தது. 2024 மே மாதம் புது ஆல்பம் வந்தது. இடையில் 11 வருடம். அதில் ஒரு பாட்டு லேண்டருக்காக எழுதியது. குழுவின் துக்கத்தை அதே அளவு நாள் சுமந்த ரசிகர்களால் மட்டுமே அந்தப் பாட்டை முழுதாகக் கேட்க முடியும் என்று நினைக்கிறேன்.

கனடாவின் ஆல்வேஸ் குழுவின் ரசிகர்கள் ஐந்து வருடம் காத்திருந்தார்கள். 2017ல் இரண்டாவது ஆல்பம். மூன்றாவதற்கு வேலை தொடங்கியபோது வீட்டில் புகுந்த திருடன், மாதிரிப் பாடல்களைப் பதிந்து வைத்திருந்த கருவியைக் கொண்டுபோய்விட்டான். மறுநாள் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து வாத்தியங்களைப் பாழாக்கப் பார்த்தது. பிறகு கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களோடு ஒத்திகை பார்க்கவும் முடியவில்லை. 2022 அக்டோபரில் புளூ ரெவ் வந்தபோது, அதுவரை வந்ததிலேயே அவர்களின் சிறந்த ஆல்பம் அதுதான் என்று ஆனது. என் கட்சியும் அதுவே. 2016ல் கலைந்துபோன லண்டனின் அல்லோ டார்லின் குழு, ஆளுக்கொரு தேசத்தில் குடும்பமாகிவிட்ட பிறகும் திரும்பக் கூடி, 2025ல் பிரைட் நைட்ஸ் ஆல்பத்தைத் தந்தது. முந்தைய ஆல்பத்திலிருந்து கணக்கிட்டால் அங்கேயும் இடைவெளி 11 வருடம்தான்.

காசு எங்கே போகிறது?

இவ்வளவு காத்திருப்புக்குக் காரணம் சோம்பல் இல்லை. இவர்களில் பெரும்பாலோருக்கு வேறு வேலை உண்டு. ஹெவன்லியின் அமீலியா ஃப்ளெட்சர் பொருளாதாரப் பேராசிரியர்! விடுமுறை எடுத்துத்தான் பாட வேண்டும். தட்டு அச்சிடும் ஆலைகளும் சில நூறு பிரதிகளுக்குக் குறைவாக எடுத்துக்கொள்ளத் தயங்கும். பெரிய கம்பெனியின் ஆர்டர் வந்தால் சின்ன லேபிள் வரிசையில் பின்னால் போகும். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தது. மூலத்தட்டு வெட்டத் தேவையான அரக்குத் தகடுகளைத் தயாரித்த ஆலைகள் அப்போது உலகத்திலேயே இரண்டுதான் இருந்தன, மற்றது ஜப்பானில். விளைவை உலகம் முழுக்க உணர்ந்தார்கள்.

ஸ்ட்ரீமிங் காப்பாற்றுமா? 2024 முதல் ஸ்பாட்டிஃபை, 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு பைசாவும் தருவதில்லை. கச்சேரிக் கூடங்களிலும் சில, மேஜையில் விற்கும் டி-ஷர்ட், தட்டுப் பணத்தில் கால்பங்கு வரை வெட்டிக்கொள்கின்றன. இதைப் பொறுக்காத பிரிட்டிஷ் கலைஞர்களின் சங்கம் ஒன்று, பங்கு கேட்காத கூடங்களின் பட்டியலை 2022 முதல் வெளியிட்டு வருகிறது.

மாறாக, பேண்ட்கேம்ப் தளத்தில் நேரடியாக வாங்கினால் டிஜிட்டல் ஆல்பத்தில் 15 சதவீதமும், தட்டு போன்ற பொருள்களில் 10 சதவீதமும்தான் தளத்தின் பங்கு. பணம் கட்டும் செலவு தனி. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கச்சேரிகள் நின்றபோது, ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கத் தன் பங்கையே வேண்டாம் என்று விட்டது அந்தத் தளம். அந்த வெள்ளி பிறகும் பல மாதங்களில் தொடர்ந்தது.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்றால், முன்பதிவுக்காக. ஆல்பம் வரும் முன்பே முந்நூறு பேர் காசு கட்டினால் லேபிளுக்கு அச்சுக்கூலி கையில் வந்துவிடுகிறது. எத்தனை தட்டு அடிப்பது, எந்த ஊருக்குப் போய்ப் பாடுவது என்று தெரிந்துவிடுகிறது. கோடிக்கணக்கில் விற்கும் நட்சத்திரத்துக்கு முந்நூறு ஒரு எண்ணே இல்லை. இங்கே அந்த முந்நூறு பேர்தான் தயாரிப்பாளர்கள்.

இது கிளாஸ்கோவுக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. 2012ல் சென்னையில் தொடங்கிய தி எஃப்16ஸ் போல, சினிமாவுக்கு வெளியே சொந்தப் பாட்டை நம்பி நிற்கும் குழுக்கள் நம் ஊரிலும் உண்டு. தமிழில் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த முறை அப்படி ஒரு கச்சேரி நடந்தால் ஓசி பாஸ் தேடாமல் டிக்கெட் வாங்குங்கள். முதல் குழு பாடும்போதே போய்விடுங்கள். கிளம்பும்போது வாசலோர மேஜையில் ஏதாவது ஒன்றை வாங்குங்கள். ஆல்பம் வரப்போகிறது என்று அறிவித்தால், நன்றாக இருக்கிறதா என்று நாலு பேர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே முன்பதிவு செய்யுங்கள். நாலு பேர் சொல்லும்வரை தாங்குவதற்கு அவர்களிடம் பணம் இருக்காது.

(தொடரும்)