சர்க்கரை வியாதியின் செலவு யார் தலையில்?

மைசூர் மைன்ஸில் வியாதி என்றால் ஒரு காலத்தில் சிலிகோசிஸ்தான். கல் தூசு நுரையீரலில் படிந்து உயிரை உறிஞ்சும் வியாதி அது. 1940 முதல் 1946 வரை 7,653 சுரங்கத் தொழிலாளரைச் சோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் அது இருந்தது. மைசூர் அரசு அதற்கெனத் தனி விதிகளே வகுத்தது. சுரங்கம் தந்த வியாதிக்குச் சுரங்கம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று வீட்டுக்கு வீடு பேசப்படுவது சர்க்கரை வியாதி. இதற்குப் பதில் சொல்ல எந்தக் கம்பெனியும் இல்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் குடும்பங்களுக்கு இலவச வைத்தியம் பார்த்த கம்பெனி ஆஸ்பத்திரியும் அதோடு போயிற்று. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை உள்ளது, மேலும் 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறுகிறது.

மாத்திரை மட்டுமா செலவு?

விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் உழைப்பவர், டாக்டரைப் பார்க்க ஒரு நாள் நின்றால் அன்றையக் கூலி போயிற்று. துணைக்கு மனைவி வந்தால் இன்னொரு கூலி. பிறகு ரத்தப் பரிசோதனை, மாத்திரை, பஸ் கட்டணம். ஆஸ்பத்திரியில் படுத்தால் அரசுக் காப்பீடு கைகொடுக்கும். தினசரி மாத்திரைக்கு அது உதவுவதில்லை.

ஆகவே கையில் பணமில்லாத மாதம் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை வலிக்காதே! ஆனால் அப்படி மிச்சம் பிடித்த பணத்தைக் கால் புண்ணும் கண்ணும் சிறுநீரகமும் வட்டியோடு வசூலிக்கின்றன. மேலை நாட்டாரைவிட நம்மவருக்கு இவ்வியாதி ஏறத்தாழப் பத்தாண்டு முன்பே வருகிறது. அதாவது, சம்பாதிக்கும் வயதில். குடும்பத் தலைவர் படுத்தால் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. அந்த நஷ்டம் வீட்டுக்கு மட்டுமல்ல, நாட்டுக்கும்தான்.

வழி என்ன?

வைத்தியம் வீட்டைத் தேடி வரவேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை, நமக்குப் பக்கத்திலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. கர்நாடகமும் 2024-இல் 'கிருஹ ஆரோக்கிய' திட்டத்தைக் கோலார் மாவட்டத்தில் ஆரம்பித்தது. இவை ஏட்டளவில் நிற்காமல் ஒவ்வொரு லைன் வீட்டுக்கும் வரச் செய்வது நம் பொறுப்பு.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொள்ளலாம். வியாதி இருப்பவர்கள் ஜன ஔஷதி கடையில் மலிவாக மாத்திரை வாங்கலாம். எப்படியானாலும், மாத்திரையை நிறுத்துவது சிக்கனம் ஆகாது, அது கடன்.