பதவி நீங்கிய அமைச்சரின் சொல்

சென்ற மாதத்தில் ஒருநாட் காலை, புறநானூற்றிலே கோவூர்கிழாரின் பாட்டுக்களை மாணாக்கர்க்கு விளக்கிக்கொண்டிருந்தேன். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்டுக் கிடந்த நெடுங்கிள்ளிக்கும் அப்புலவர் அறிவுரை கூறியதைச் சொன்னேன். கிள்ளிவளவன் யானைக்கு இடவிருந்த மலையமான் மக்களை மீட்பதற்கு அவர் வாதாடியதையும் சொன்னேன். பாடம் முடியும் வேளையிற் பின்வாங்கிலிருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்தப் புலவரிடம் படையுமில்லை, பதவியுமில்லை. அப்படியிருந்தும் அரசரிடம் போய்ப் பேசினார். இந்தக் காலத்தில் அப்படி ஒருவர் உண்டோ?" என்று வினவினான்.

அவன் 2009 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் வன்னியிலே பதுங்குகுழியொன்றிற் பிறந்தவன். தந்தையின் முகம் அறியாதவன். வகுப்பில் அதிகம் பேசுபவனுமல்லன். ஆகவே அவன் வினாவைப் பொழுதுபோக்காகக் கொள்ள என்னால் இயலவில்லை. நாளை சொல்வேன் என்று கூறி வீடு திரும்பினேன். அன்றிரவு என் நினைவில் வந்தவர், அவுஸ்திரேலியாவின் முன்னாள் வெளிநாட்டமைச்சர் கரெத் எவன்ஸ்.

1944 இல் மெல்பேர்ணிற் பிறந்த இவர், சட்டம் பயின்று, ஒக்ஸ்போர்டிலும் கற்று, பல்கலைக்கழகத்திற் சட்டம் போதித்தவர். 1978 இல் தொழிற்கட்சியின் சார்பாக மூதவையுட் புகுந்தார். 1983 இல் சட்டமா அதிபரானார். பதவியேற்ற சிறிது காலத்திலேயே, தஸ்மேனியாவில் நடைபெற்ற அணைக்கட்டு வேலையைப் படம்பிடிக்க விமானப்படை விமானத்தை அனுப்பி, நாட்டாரின் நகைப்புக்கு ஆளானார். இளமையின் வேகம் எனலாம். அறிவு மிக்கார்க்கும் ஆத்திரம் உண்டு. இவர்க்கு அது சற்று மிகுதி என்பர். பின்னர் வேறு சில அமைச்சுக்களையும் வகித்து, 1988 முதல் 1996 வரை வெளிநாட்டமைச்சராய் விளங்கினார்.

அக்காலத்தில் இவர் ஆற்றிய பணிகளுள் கம்போடியச் சமாதானமே தலையாயது. பொல் பொட்டின் ஆட்சியில் அந்நாட்டு மக்களுட் பதினைந்து இலட்சத்துக்குக் குறையாதோர் மாண்டனர். 1979 இல் வியத்நாமியப் படை உட்புகுந்து அவ்வாட்சியை வீழ்த்தியபின்பும் போர் ஓயவில்லை. நான்கு பிரிவினர், ஒவ்வொருவர்க்கும் பின்னே ஒரு வல்லரசோ அயலரசோ நின்றது. 1989 இற் பாரிஸ் நகரிற் கூடிய மகாநாடு, இடைக்கால ஆட்சி எவர் கையில் இருத்தல் வேண்டும் என்ற வினாவிலே முட்டி நின்றது. ஆட்சியை எவர் கையிலும் கொடாது ஐக்கிய நாடுகள் சபையே சிறிது காலம் ஏற்று நடத்துக என்றொரு வழியை, அவ்வாண்டு நவம்பரில் எவன்ஸ் தம் மூதவையில் முன்மொழிந்தார். கருத்தின் வித்து அமெரிக்க மக்களவை உறுப்பினர் ஸ்டீபன் சோலார்ஸ் இட்டது. அதனை முளைக்கவைத்து வேலியடைத்தவர் எவன்ஸ். அவருடைய அதிகாரிகள் தலைநகர்தோறும் அலைந்தனர். இடைக்கால நிருவாகத்துக்கு எத்தனை பேர் வேண்டும், என்ன செலவாகும், தேர்தலை எவ்வாறு நடத்துவது என்றெல்லாம் கணக்கிட்டு நூலாக்கிப் பேச்சு மேசையில் வைத்தனர். 1991 ஒக்டோபர் 23 ஆம் நாள் பாரிசில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1993 இல் நடந்த தேர்தலில், மிரட்டலுக்கு அஞ்சாது, பதிவு செய்தோருட் பத்தில் ஒன்பது பேர் வாக்களித்தனர். அந்த இடைக்கால நிருவாகத்துக்குத் தலைமை தாங்கிய யசூஷி அகாஷி, பின்னாளில் யப்பானின் சமாதானத் தூதுவராய் இலங்கைக்குப் பலமுறை வந்து சென்றவர் என்பதை வாசகர் மறந்திரார்.

கம்போடியாவிற் பின்னர் மலர்ந்தது நல்ல மக்களாட்சியன்று. ஆயினும் பெரும்போர் ஓய்ந்தது. ஓர் அமைச்சருக்கு அதுவே போதிய புகழ்.

ஆனால் இவர் ஏட்டில் ஒரு கறையும் உண்டு. அதனை மறைத்து எழுதுதல் ஆசிரியனுக்கு அழகன்று. 1989 டிசெம்பரில், தீமோர்க் கடலுக்கு மேலே பறந்த விமானத்துள், இந்தோனேசிய அமைச்சர் அலி அலத்தாசும் இவரும், கடலடியிலுள்ள எண்ணெய் வளத்தைப் பகிரும் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டு மதுக் கிண்ணம் உயர்த்தினர். கீழே கிழக்குத் தீமோர் மக்கள் இந்தோனேசியப் படையின் ஆட்சியில் நலிந்துகொண்டிருந்தனர். 1991 இல் டிலி நகர்ச் சுடலையிலே இளைஞர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டபோது, அஃது அரசின் கொள்கையன்று, நெறி பிறழ்ந்ததொரு நிகழ்ச்சி என்ற பொருள்படவே இவர் பேசினார். கம்போடியருக்காக இரங்கிய நெஞ்சு தீமோரியர் திறத்தில் எண்ணெய்க்கும் அயலுறவுக்கும் இடங்கொடுத்தது. பதவியின் இயல்பு அதுவோ, மனிதரின் இயல்பு அதுவோ, யான் துணியேன்.

1996 இற் கட்சி தோற்றது. எதிர்க்கட்சித் துணைத்தலைவராய்ச் சில காலம் இருந்து, 1999 இல் நாடாளுமன்றத்தை நீங்கினார். யுனெஸ்கோவின் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டு அதுவும் கிட்டவில்லை. நம்மூரில் இந்நிலையிலுள்ளவர் மறுதேர்தலுக்குக் காத்திருப்பார். அல்லது திறப்பு விழாக்களில் மாலையேற்பார். பிறநாட்டுத் தலைவர்களுள் ஆலோசனையையே தொழிலாக்கினாரும் உளர். பிரித்தானிய முன்னாட் பிரதமர் ரொனி பிளேயர் 2011 இற் கசக்ஸ்தான் அரசுக்கு ஆலோசனை கூற உடன்பட்டமை பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. எவன்ஸ் சென்ற வழி வேறு. 2000 ஆம் ஆண்டு தொடக்கத்தில், பிரசெல்ஸ் நகரிலிருந்து இயங்கும் சர்வதேச நெருக்கடிக் குழு என்னும் அமைப்பின் தலைவரானார். 2009 வரை அப்பொறுப்பில் இருந்தார். பொஸ்னியா, றுவாண்டா ஆகிய நாடுகளில் உலகம் கைகட்டி நின்றமை கண்டு வருந்தியோர் 1995 இல் தோற்றுவித்தது அது. பூசல் நிகழும் நாடுகளிலே ஆய்வாளரை வைத்து, நிகழ்வதை ஆராய்ந்து அறிக்கையாக்கி, அதனை அதிகாரத்திலுள்ளோர் மேசையிற் கொண்டுபோய் வைத்து வாதாடுவதே அதன் தொழில். படையில்லை, வாக்கில்லை, சொல் ஒன்றே கருவி.

சொல் என்றதும் தமிழாசிரியனாகிய எனக்கு இவரிடம் ஒரு தனி ஈடுபாடு உண்டு. ஒரு நாட்டரசு தன் மக்களையே கொன்று குவிக்கும்போது பிறர் தலையிடலாமா என்ற வழக்கு, 1990 களில் உலகைப் பிளந்து நின்றது. மேலைநாட்டார் சிலர் "தலையிடும் உரிமை" என்றனர். அடிமைப்பட்டிருந்து விடுதலையடைந்த நாடுகளோ, உரிமை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே பழைய துரைமாரின் காலடியோசையைக் கேட்டன. கோபி அனான் விடுத்த வினாவுக்கு விடைதேடிக் கனடிய அரசு 2000 இல் ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அல்ஜீரியரான முகமது சஹ்னூனும் எவன்சும் அதன் இணைத்தலைவர்கள். உரிமை என்ற சொல்லை நீக்கிப் "பொறுப்பு" என்ற சொல்லை அவ்விடத்தில் அவர்கள் அமர்த்தினர். இறைமை என்பதே பொறுப்புத்தான் என்று சூடானியரான பிரான்சிஸ் டெங் முன்னரே எழுதியிருந்தார். தன் மக்களைக் காத்தல் முதற்கண் அவ்வவ் அரசின் பொறுப்பு. அது தவறுமிடத்தே உலகின் பொறுப்பு. 2001 டிசெம்பரில் அறிக்கை வெளிவந்தது. 2005 இல் ஐக்கிய நாடுகள் சபையிற் கூடிய உலகத் தலைவர்கள் அதனை ஏற்றனர். ஒரு சொல்லை மாற்றியதால் மூடிய கதவு திறந்ததற்கு இதைவிட நல்ல சான்று என் மாணாக்கர்க்கு நான் காட்ட வல்லேனல்லேன்.

2007 யூலை 29 ஆம் நாள், இவர் கொழும்பிலே நீலன் திருச்செல்வம் நினைவுரையை நிகழ்த்தினார். எட்டாண்டுகளுக்கு முன் அதே நாளிலே தற்கொலைக் குண்டுத் தாக்குதலிற் கொல்லப்பட்ட நீலனும் நாடாளுமன்றத்தில் இருந்தவர். அரசியல் யாப்பு வரைபுகளுக்கு அறிவு நல்கியவர். அவ்வுரையில் எவன்ஸ் இந்நாட்டைப் பற்றியும் பேசினார். கம்போடியாவிலும் றுவாண்டாவிலும் நிகழ்ந்தவை போன்ற பெருங்கொடுமை இங்கே அப்போது நிகழவில்லையாயினும், அந்நிலைக்கு இழிதற்கு இடமுண்டு. ஆகவே முன்கூட்டித் தடுத்தலே வேண்டப்படுவது என்பது அவர் கூறியதன் சாரம். இவ்வுரை தெற்கிலே பெருஞ் சினத்தைக் கிளப்பிற்று. அந்நியப் படையெடுப்புக்கு முகவுரை என்றனர் சிலர். யான் அதன் எழுத்து வடிவத்தை நண்பரொருவர் வாயிலாகப் பெற்றுப் படித்தேன். படையெடுப்பைத் தேடினேன், காணவில்லை. எச்சரிக்கையே இருந்தது.

ஓராண்டும் சில மாதங்களும் கழிந்தன. 2009 தை முதல் வைகாசி வரை வன்னிக் கரையிலே நிகழ்ந்ததை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் உள்ளக ஆய்வொன்றே, தன் அமைப்பு அங்குக் கடமை தவறியதென்று 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது. பொறு என்னும் பகுதிக்குச் சுமத்தல் என்றும் பொருளுண்டு, சகித்தல் என்றும் பொருளுண்டு. உலகம் இரண்டாவது பொருளையே மேற்கொண்டது.

மறுநாள் இவற்றையெல்லாம் வகுப்பிற் கூறினேன். எவன்ஸ் 2010 முதற் பத்தாண்டு அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் வேந்தராயிருந்ததையும், அணுவாயுத ஒழிப்புக்கான ஆணைக்குழுவொன்றுக்கு யப்பானின் முன்னாள் வெளிநாட்டமைச்சர் யொரிகோ கவாகுச்சியோடு இணைத்தலைமை வகித்ததையும், 2017 இல் வெளியிட்ட தம் நினைவு நூலின் தலைப்பிலேயே தம்மைத் திருந்தாத நன்னம்பிக்கையாளர் என்று அழைத்துக்கொண்டதையும் சொன்னேன். மாணாக்கர் சிலர் நகைத்தனர். பின்வாங்கு மாணாக்கன் நகைக்கவில்லை.

"அவர் சொன்னது சரிதானே, ஐயா?" என்றான்.

"சரி."

"கோவூர்கிழார் சொன்னபோது அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்களா?"

அப்பாட்டிற் புலவரின் வேண்டுகோள் உண்டு; முடிவு கூறப்படவில்லை. பிழைத்தனர் என்றே உரைகாரர் வழியில் யாம் ஓதி வருகின்றோம். அதனை அவ்வாறே சொன்னேன். அவன் சிறிது நேரம் நின்றான். பின்னர் எவன்சின் உரையைப் படிக்கத் தருமாறு கேட்டான். ஆங்கிலம் கடினமாயிருக்கும் என்றேன். அகராதி இருக்கிறது என்றான். மூன்று வாரங்களாகின்றன. தாள்கள் இன்னும் அவனிடமே உள்ளன.