கைராசியும் கைச்சுத்தமும்

நோயாளி ஒருவர் விரைவில் குணமடைந்து வீடு திரும்பினால், "அந்த மிஸ்ஸிக்குக் கைராசி உண்டு" என்று கூறுவது நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். புண்ணுக்கு மருந்திடவும், ஊசி போடவும், பிள்ளைப்பேறு பார்க்கவும் கைராசி உள்ளவரையே மக்கள் நாடுவர். இந்த நம்பிக்கையில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. நோயாளியின் நலம் அவரைத் தொடும் கையைப் பெரிதும் பொறுத்துள்ளது என்பதே அவ்வுண்மை. ஆனால், அக்கையின் சிறப்பு ராசியில் இல்லை; சுத்தத்தில் இருக்கிறது. இதனை எவரும் ஊகித்துச் சொல்லவில்லை; கணக்கெடுத்து, ஒப்பிட்டு, சோதித்துப் பார்த்தே கண்டறிந்தனர். அந்த வரலாற்றையும், அதனால் நாம் பெறத்தக்க பயனையும் இங்கே காண்போம்.

இரண்டு பிரசவப் பிரிவுகள்

ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவின் பொது மருத்துவமனையில் 1840ஆம் ஆண்டுகளில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இயங்கின. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் நிகழ்ந்த 4,010 பிரசவங்களில் 459 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவிலோ 3,754 பிரசவங்களில் 105 பேரே இறந்தனர். பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது பிரசவக் காய்ச்சலாகும். முதற்பிரிவில் தங்களைச் சேர்க்க வேண்டாம் என்று கர்ப்பிணிகள் மன்றாடினார்கள்.

அங்குப் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடினார். காற்று கெட்டதே காரணம் என்றனர் சிலர். இரு பிரிவுகளும் ஒரே காற்றையே சுவாசித்தன. நெரிசலே காரணம் என்றனர் வேறு சிலர். இரண்டாம் பிரிவிலேயே நெரிசல் அதிகம். இவ்வாறு ஒவ்வொரு காரணமும் தள்ளுபடியாயிற்று.

1847ஆம் ஆண்டில் அவருடைய நண்பரான மருத்துவர் கொலெட்ஷ்கா, பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, நோயுற்று இறந்தார். அவர் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரிடம் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கியது. மருத்துவர்களும் மாணவர்களும் பிணப் பரிசோதனை முடித்து, அதே கைகளோடு பிரசவம் பார்க்க வந்தனர். மருத்துவச்சிகளுக்கோ அந்தப் பரிசோதனை வேலை இல்லை.

அவ்வாண்டு மே மாதத்தின் நடுவில், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டும் என அவர் கட்டளையிட்டார். ஏப்ரல் மாதத்தில் 100க்கு 18ஆக இருந்த மரணம் ஜூன் மாதத்தில் 100க்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. 1848ஆம் ஆண்டில் முதற்பிரிவின் 3,556 பிரசவங்களில் இறந்தோர் 45 பேர் மட்டுமே. ஆயினும், தங்கள் கைகளே நோயைச் சுமந்தன என்பதைப் பல மருத்துவர்கள் ஏற்க மறுத்தனர். கிருமிகளே இத்தகைய நோய்களுக்குக் காரணம் என்பது அன்று நிறுவப்படவில்லை. தம் கருத்து பரவலாக ஏற்கப்படுவதைக் காணாமலே செம்மல்வைஸ் 1865ஆம் ஆண்டில் மறைந்தார்.

சான்றின்வழிப் பராமரிப்பு

"மூத்தவர்கள் இப்படித்தான் செய்தார்கள்" என்பது மட்டும் ஒரு மருத்துவ முறைக்குப் போதிய ஆதாரம் ஆகாது. ஆராய்ச்சி தரும் நம்பத்தக்க சான்று, பணியாளரின் அனுபவத் தேர்ச்சி, நோயாளியின் தேவையும் விருப்பமும் ஆகிய மூன்றையும் இணைத்து முடிவெடுப்பதே சான்றின்வழிப் பராமரிப்பாகும். இம்முறையால் பழைய பழக்கங்கள் சில கைவிடப்பட்டன. அறுவைச் சிகிச்சைக்கு முன் கைகளைத் தூரிகையால் அழுத்தித் தேய்ப்பது முன்னர் வழக்கமாக இருந்தது. அது தோலைப் புண்படுத்துவதால், இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை.

கை கழுவ வேண்டும் என்பதை அறிந்தும் தாதியரும் மருத்துவர்களும் ஏன் தவறுகின்றனர்? சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் மருத்துவர் டிடியே பித்தேயும் அவர்தம் குழுவினரும் இதனை ஆராய்ந்தனர். வேலைப் பளு மிகுந்த இடங்களிலேயே கைச்சுத்தம் குறைந்திருந்தது. குழாயடிக்குச் சென்று கழுவித் துடைத்துத் திரும்ப நேரம் போதவில்லை. ஆகவே, ஆளைக் கடிந்துகொள்வதை விடுத்து, ஆல்கஹால் கலந்த கைத்தேய்ப்பு மருந்தைக் கட்டிலருகிலேயே வைத்தனர், சுவரொட்டிகளும் ஒட்டினர். 1994ஆம் ஆண்டில் 48 விழுக்காடாக இருந்த கைச்சுத்தம் 1997ஆம் ஆண்டில் 66 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 16.9 விழுக்காட்டிலிருந்து 1998ஆம் ஆண்டில் 9.9 விழுக்காடாகக் குறைந்தன. அதே காலத்தில் வேறு தடுப்பு முயற்சிகளும் நடந்தமையால், முழுப் பெருமையும் இதற்கே உரியது எனல் ஆகாது. தாதியரிடம் நல்ல முன்னேற்றம் காணப்பட்டது. மருத்துவர்களிடமோ காணப்படவில்லை என்பதும் கருதத்தக்கது.

ஐந்து வேளைகள்

2009ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நோயாளியைப் பராமரிப்போர் ஐந்து வேளைகளில் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும்:

1. நோயாளியைத் தொடுவதற்கு முன்.
2. ஊசி போடுதல், புண்ணுக்குக் கட்டுதல் போன்ற தூய்மை தேவைப்படும் பணிகளுக்கு முன்.
3. இரத்தம், சிறுநீர், சளி போன்றவை கையில் பட நேரும் பணிகளுக்குப் பின்.
4. நோயாளியைத் தொட்ட பின்.
5. கட்டில், மேசை முதலிய அவர் அருகிலுள்ள பொருள்களைத் தொட்ட பின்.

கைத்தேய்ப்பு மருந்தெனில் 20 முதல் 30 விநாடிகளும், சவர்க்காரமும் நீரும் எனில் 40 முதல் 60 விநாடிகளும் தேவை. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் சவர்க்காரமும் நீருமே ஏற்றவை. கையுறை அணிந்தாலும் கை கழுவும் கடமை நீங்குவதில்லை. கையுறையில் நுண்ணிய துளைகள் இருக்கலாம். அதனைக் கழற்றும்போதும் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

முதியோரையும் நோயுற்றோரையும் வீட்டில் பராமரிப்போர்க்கும் இது பொருந்தும். பாகிஸ்தானின் கராச்சி நகரக் குடிசைப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சவர்க்காரமிட்டுக் கை கழுவிய குடும்பங்களில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது. சிறுவர்களின் வயிற்றுப்போக்கும் ஏறத்தாழப் பாதியாயிற்று. சாதாரண சவர்க்காரத்திற்கும் கிருமிநாசினி கலந்த சவர்க்காரத்திற்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆதலால், விலை கூடிய சவர்க்காரத்திற்காகப் பணத்தை வீணாக்க வேண்டியதில்லை. மலங்கழித்த பின்னும், குழந்தையின் மலத்துணியை மாற்றிய பின்னும், சமைப்பதற்கும் உண்பதற்கும் ஊட்டுவதற்கும் முன்னும் கை கழுவுதல் வேண்டும்.

மருத்துவமனைக்கு உறவினரைக் காணச் செல்வோர், அவரைத் தொடுவதற்கு முன்னும் புறப்படும் முன்னும் கைகளைச் சுத்தம் செய்தல் அவசியம். காயக்கட்டையும் நீரேற்றும் குழாயையும் தொடலாகாது.

கேட்பது குற்றமன்று

மருத்துவமனையில் வெள்ளை உடை அணிந்தவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் தயங்குகிறோம். வியன்னாவில் தாய்மார் இறந்தபோது, அவர்களைத் தொட்ட கைகளைப் பற்றிக் கேட்பார் நெடுநாள் இல்லை. "மிஸ்ஸி, கையைச் சுத்தம் செய்துவிட்டீர்களா?" என்று பணிவோடு கேட்பது நோயாளியின் உரிமை. கடமை உணர்ந்த தாதியர் அதனைக் குறையாகக் கொள்ளார். ஆண்டுதோறும் மே 5ஆம் நாள் உலகக் கைச்சுத்த நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த ஒரு நாளோடு நில்லாமல், எந்நாளும் இப்பழக்கத்தைப் பேணுவோமாக.