பனியைப் புகை என்று சொல்லலாமா?

கல்லூரி மாணவர்களின் இணையவழி விவாதப் போட்டிகளுக்கு நடுவராக இருக்கிறேன். அண்மையில் ஒரு தலைப்பு: 'பள்ளிகளில் கைபேசிக்குத் தடை வேண்டும்.' வகுப்பில் கவனம் எப்படிச் சிதறுகிறது என்று ஒரு மாணவி படிப்படியாக எடுத்துவைத்தார். எதிரணி மாணவர், "நீங்களே கைபேசியைப் பார்த்துத்தானே பேசுகிறீர்கள்? இதைச் சொல்ல உங்களுக்கு என்ன அருகதை?" என்றார். திரை முழுக்கக் கைதட்டல் எமோஜிகள். நான் மதிப்பெண் போடவில்லை. அடி விழுந்தது ஆளின்மேல். மாணவி சொன்ன காரணம் அப்படியே நின்றது.

அடுத்து எதிரணி மாணவர் ஒரு வாட்ஸ்அப் தகவலைப் படித்தார். ஏதோ ஒரு நாட்டில் தடை போட்டதும் தேர்ச்சி சரிந்ததாம். எந்த நாடு, எந்த ஆண்டு, யார் கணக்கெடுத்தார்கள்? பதில் இல்லை.

இந்தக் குறைக்கு மணிமேகலைக் காப்பியத்திலேயே இடம் உண்டு. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காப்பியத் தலைவி மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிப்பதை 29ஆம் காதை விரிவாகச் சொல்கிறது. நிறுவ வந்த கருத்து பக்கம், அதற்கான காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் காண்பதுபோல. இம்மூன்றும் பிழைபடும் வகைகளைப் 'போலி' என்று பெயரிட்டு அடுக்குகிறார் அடிகள். தெரிவது ஆவியா பனியா என்றே ஐயம் தீராதபோது, புகைதான் என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டென்று துணிவது அவற்றில் ஒன்று. மூலம் தெரியாத பார்வர்டை ஆதாரமாகக் காட்டுவதும் இதே பிழைதான்.

ஆனால் நடுவர் சறுக்கும் இடமும் இங்கேதான். பனியைப் புகை என்றவர் பிழைசெய்தார். அதனாலேயே மலையில் நெருப்பு இல்லை என்று ஆகிவிடாது. போலியைக் கண்டதும் அந்த அணி சொல்வதெல்லாம் பொய் என்று முடிவுகட்டுவது இன்னொரு போலி. அதே மாணவர் பிறகு, "வீடு தொலைவில் உள்ள பிள்ளை, பேருந்து வராத மாலையில் யாரை, எப்படி அழைக்கும்?" என்று கேட்டார். மாணவியின் அணி கடைசிவரை பதில் சொல்லவில்லை. தடை வேண்டும் என்பதே என் சொந்தக் கருத்து. ஆனாலும் அந்த இடத்தில் மதிப்பெண் அவருக்குத்தான்.

மொத்தத்தில் மாணவியின் அணி வென்றது. எந்தக் காரணம் நின்றது, எது விழுந்தது, எதற்குப் பதில் வரவில்லை என்று இரு அணிக்கும் சொன்ன பிறகே முடிவை அறிவித்தேன். வாதத்துக்கு மட்டுமல்ல, தீர்ப்புக்கும் ஏது வேண்டும்.